நான் கேட்காமல் விட்ட பத்து நிமிடங்கள்

வருகிற மாதத்திலிருந்து தலைமைப்பண்பு வகுப்பை நீங்கள் நான்கு பேர் நடத்தப் போகிறீர்கள் என்று கல்லூரியிலிருந்து சொன்னார்கள். உங்களில் ஒருவர் பாடக்குறிப்புகளைக் கேட்டுப் போன் செய்தபோது, எல்லாம் அலமாரியில் இருக்கின்றன, எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான், முக்கியமான ஒன்று அந்த அலமாரியில் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. அதை எழுதி அனுப்புகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சித்தூரில் பதினோரு வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்துவிட்டு, பிறகு திருப்பதிக்கு நர்சிங் ஆசிரியையாக வந்தவள். மருத்துவம், நர்சிங், பிசியோதெரபி, பார்மசி என்று நான்கு படிப்பு மாணவர்களையும் ஒரே அறையில் உட்கார வைத்து தலைமைப்பண்பு சொல்லித்தர வேண்டும் என்று முடிவானபோது, அந்தப் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். முதல் நாள் அந்த அறையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மெடிக்கல் பிள்ளைகள் முன் வரிசையில், நர்சிங் பெண்கள் பின்னால், பிசியோதெரபி பிள்ளைகள் கதவோரம், பார்மசி பிள்ளைகள் மின்விசிறிக்குக் கீழே. யாரும் யாரோடும் பேசவில்லை. பிறந்த மாதத்தைச் சொல்லி எழுப்பிக் கலைத்து உட்கார வைத்தேன். மூன்றாவது வாரம் ஒருவர் டிபன் பாக்ஸை இன்னொருவர் திறந்து சாப்பிடத் தொடங்கிவிட்டார்கள். பாதி வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

மீதிப் பாதிக்கு ஒரு மதிப்பெண் தாள் தயாரித்திருந்தேன். கொடுத்த இடத்தை விட்டு நகராமல் வேலை செய்கிறாரா. தகவலைத் தன் லீடர் வழியாகச் சொல்கிறாரா. சுருக்கமாகப் பேசுகிறாரா. இப்படிப் போகும் அந்தத் தாள். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. வார்டில் ஒரே நேரத்தில் ஐந்து பேர் கத்தினால் என்ன ஆகும் என்பதைப் பார்த்தவள் நான். ஒழுங்குதான் உயிரைக் காப்பாற்றும் என்று நம்பினேன். இப்போதும் பெரும்பாலும் அப்படித்தான் நம்புகிறேன்.

அந்தத் தாளில் எப்போதும் குறைந்த மதிப்பெண் வாங்குகிறவள் கஸ்தூரி. நர்சிங் மூன்றாம் வருடம். சத்தியவேடு பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் தோட்டங்களில் கூலி வேலை செய்கிறவர்கள். தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் வரும் அவளுக்கு. வாய் ஓயாது. ஜுரம் பார்த்துவிட்டு வா என்று அனுப்பினால், ஜுரத்தோடு அந்த நோயாளியின் மகளுக்கு எந்த ஊரில் சம்பந்தம் பேசியிருக்கிறார்கள் என்பதையும் தெரிந்துகொண்டு வருவாள். அவளைத் திட்டுவேன். திட்டிவிட்டு ஆசிரியர் அறைக்கு வந்து, அவள் சொன்னதை மற்றவர்களிடம் சொல்லிச் சிரிப்பேன்.

அதிக மதிப்பெண் வாங்குகிறவன் பிரணீத். மருத்துவம் கடைசி வருடம், திருப்பதி டவுன் பையன். எதற்கும் ஒரு பட்டியல் வைத்திருப்பான். அதே சமயம் எங்கள் பஸ் டிரைவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்பதும், அவர் எப்போது சாப்பிட வேண்டும் என்பதும் அவன் பட்டியலில் இருக்கும். அவனைப் பிடிக்காதவர்கள் யாரும் கிடையாது.

மாமரங்கள் பூத்திருந்த சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை புத்தூரைத் தாண்டி ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் மருத்துவ முகாம். பிரணீத்தை லீடராகப் போட்டிருந்தேன். அலிபிரி பக்கத்து விடுதியில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பஸ் கிளம்பியதும், கஸ்தூரியை என் பக்கத்து சீட்டுக்குக் கூப்பிட்டேன். போன முகாமில் அவள் ரத்த அழுத்தம் பார்க்கும் மேசையை விட்டு எழுந்துபோய் வேப்பமரத்தடியில் பெண்களோடு உட்கார்ந்துவிட்டாள். வரிசை அரை மணி நேரம் நின்றுபோனது.

"இன்னைக்கு உன் மேசையை விட்டு நகரக் கூடாது. எது சொல்லணும்னாலும் லீடர்கிட்ட சொல்லு. அவர் என்கிட்ட சொல்வார். புரிஞ்சுதா?" என்றேன். பஸ்ஸில் எல்லோருக்கும் கேட்கும்படியாகவே சொன்னேன்.

"சரி மேடம்" என்றாள். புத்தூர் வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பேச்சு இல்லாத பஸ், வேறு யாருடைய பஸ்ஸோ போல இருந்தது.

முகாம் நன்றாகத்தான் நடந்தது. கூட்டம் நான் நினைத்ததைவிட அதிகம். பதினோரு மணி சுமாருக்கு எங்களோடு வந்த டாக்டர், படுத்த படுக்கையாக இருந்த ஒருவரைப் பார்க்கப் பக்கத்துக் குக்கிராமத்துக்குப் போனார். அவர் போன கொஞ்ச நேரத்தில் தேசம்மா என்ற பெண்ணை அவளுடைய நாத்தனார் கைத்தாங்கலாக அழைத்து வந்தாள். தேசம்மாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். உடம்பெல்லாம் வியர்வை. வாசலிலேயே வாந்தி எடுத்தாள்.

பிரணீத் ஓடிப்போய் அவளை வராண்டா பெஞ்சில் படுக்க வைத்தான். காலையில் சாப்பிட்டாளா என்று கேட்டான். இல்லை என்றாள் நாத்தனார். உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுக்கச் சொல்லிவிட்டு என்னிடம் வந்தான். "வெயில் மேடம். வெறும் வயிறு வேற" என்றான். நானும் எட்டிப் பார்த்தேன். தலையாட்டினேன். இந்த இடத்தில் அவன் செய்தது தப்பு என்றால், என் அனுபவத்துக்கு நான் செய்தது அதைவிடப் பெரிய தப்பு.

நாத்தனார் வந்த கையோடு தனக்கும் ரத்த அழுத்தம் பார்த்துவிடலாம் என்று கஸ்தூரியின் மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். கையில் பட்டையைச் சுற்றும்போதே கஸ்தூரி பேச்சுக் கொடுத்துவிட்டாள்.

"ஏங்கா, அவங்க காலைல எதுவுமே துன்னலியா?"

"எங்க துன்றது பாப்பா. விடிஞ்சதுல இருந்து மாமரத்துக்கு மருந்து அடிச்சிக்கினு இருந்தோம். இவளுக்கு ஒரு மாரியா இருக்குதுன்னா. அதான் இட்டாந்தேன்."

கஸ்தூரி கையைத் தூக்கிப் பிரணீத்தைக் கூப்பிட்டாள். அவன் வாசலில் நெருக்கியடித்த கூட்டத்தை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தான். "ஒக்க நிமிஷம்" என்றான் தெலுங்கில். ஒரு நிமிஷம் போனது. மூன்று நிமிஷமும் போனது. அவள் இருந்த இடத்திலிருந்தே என்னைக் கூப்பிட்டாள்.

"மேடம், ஒன்னு சொல்லணும்."

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "லீடர்கிட்ட சொன்னியா?"

"கூப்பிட்டேன் மேடம். இருன்னாரு."

"அப்ப இரு."

அவள் இருந்தாள். நான் என் தாளை எடுத்து, அவள் பெயருக்கு நேரே, தகவலை லீடர் வழியாகச் சொல்கிறாரா என்ற கேள்விக்கு முழு மதிப்பெண் போட்டேன். அந்த வருடம் அவள் அதில் வாங்கிய ஒரே முழு மதிப்பெண் அதுதான்.

எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம் இருக்கும். பிறகு நாற்காலி பின்னால் விழுகிற சத்தம் கேட்டது. கஸ்தூரி கூடத்தின் நடுவில் வந்து நின்றிருந்தாள்.

"இது வெயில் இல்ல. பூச்சி மருந்து" என்று தமிழில் சொன்னாள். அடுத்த மூச்சில் தெலுங்கில், "மந்து கொட்டாரு" என்றாள். மருந்து அடித்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்டது. "வாயில தண்ணி ஒழுகுது பாருங்க. கண்ணைப் பாருங்க."

பிரணீத் டார்ச்சோடு ஓடினான். நானும் ஓடினேன். தேசம்மாவின் கண்மணிகள் ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தன. கன்னத்துச் சதை துடித்துக்கொண்டிருந்தது. மூச்சில் கரகரப்பு. பக்கத்தில் குனிந்தபோதுதான் பூச்சிமருந்து வாடை எனக்குத் தெரிந்தது. பத்து நிமிடத்துக்கு முன்னால் நான் எட்டத்தில் நின்று தலையாட்டியிருந்தேன்.

இப்போது நான் சொல்லப்போவதைத்தான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. வகுப்பிலேயே நல்ல பெயர் வாங்கிய பையன், தான் லீடராக இருந்த முகாமில், இரண்டு வருடம் இளையவளான ஒரு நர்சிங் மாணவியின் வாயால் தன் தப்பைக் கேட்டிருக்கிறான். அவனுக்கு முகம் கறுத்தது. ஒரு கணம்தான். பிறகு தெலுங்கில் சொன்னான்: "கஸ்தூரி, நான் இவங்க மூச்சை மட்டும் பார்த்துக்கறேன். மத்ததெல்லாம் நீ சொல்லு. நீ சொல்றதை நாங்க செய்யறோம்."

நான் மூன்று வருடமாகப் பாடம் நடத்தியும் சொல்லித் தராத ஒன்று அது. அவனாகச் செய்தான்.

கஸ்தூரி ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "க்ளவுஸ் போடாம யாரும் தொடாதீங்க. சேலையைக் கழட்டணும், மருந்து அதுலதான் கீது. ஆம்பளைங்க வெளிய போங்க. சோப்பு, ரெண்டு பக்கெட் தண்ணி." நான்கு பெண்கள் முகாம் பேனரை அவிழ்த்து வந்து சுற்றிலும் மறைப்பாகப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு பிசியோதெரபி மாணவி தன் துப்பட்டாவைக் கொடுத்தாள். நான் டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் சொல்லச் சொல்ல, எங்கள் அவசரப் பெட்டியில் இருந்த ஊசியைப் போட்டேன். என் கை செய்ய வேண்டியதைச் செய்தது. மனம் மட்டும் அந்த மதிப்பெண் தாளுக்கே போய்க்கொண்டிருந்தது.

நூற்றெட்டு ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது என்று செய்தி வந்தபோது, நாங்கள் எல்லோரும் தேசம்மாவைச் சுற்றித்தான் நின்றோம். கஸ்தூரி மட்டும் நாத்தனார் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, எத்தினி பேரு மருந்து அடிச்சீங்க?"

"மூணு பேரு பாப்பா. நானு, இவ, எங்க பெரியப்பா."

"பெரியப்பா எங்க?"

"தோட்டத்துல. மிச்சத்த முடிச்சிட்டு வரேன்னாரு."

நாத்தனாரையும் குளிக்க வைக்க வேண்டும் என்று இரண்டு பெண்களிடம் ஒப்படைத்துவிட்டு, கஸ்தூரி என்னைப் பார்த்தாள். அனுமதி கேட்கிறாள் என்று புரிந்தது. அப்போதுகூட அனுமதி கேட்டாள் என்பதுதான் என்னை உலுக்கியது. "போம்மா, சீக்கிரம் போ" என்றேன். ஊர்க்காரர்கள் இரண்டு பேர் பைக் எடுத்தார்கள். ஒன்றில் அவளும் இன்னொன்றில் ஒரு பார்மசி மாணவனும் போனார்கள்.

தோட்டத்தில் நடந்ததை அவள் சொல்லித்தான் தெரியும். அந்தப் பெரியவர் முகத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு, நனைந்த பனியனோடு மரத்துக்கு மருந்து பீய்ச்சிக்கொண்டிருந்தாராம். கூப்பிட்டதற்கு, "ரெண்டு டேங்க்குதான் பாப்பா பாக்கி, முடிச்சிட்டு வரேன்" என்றாராம். இவள் நேராகப் போய் மருந்து பீய்ச்சும் மோட்டாரை அணைத்துவிட்டு, அதன் முன்னாலேயே நின்றுகொண்டாள்.

"எங்க நைனாவும் இப்படித்தான். ரெண்டு டேங்க்கு, ரெண்டு டேங்க்குன்னு சொல்லிக்கினே இருக்கும். நீங்க வரலன்னா நான் இங்கயே நிக்கிறேன். என் மேலயும் அடிங்க."

 பெரியவர் பீய்ச்சும் குழாயைக் கீழே போட்டுவிட்டு, "யாரு வூட்டுப் பொண்ணும்மா நீ" என்று கேட்டுக்கொண்டே போர்வெல் பக்கம் நடந்தாராம். சோப்புப் போட்டுக் குளித்து, வேறு வேட்டி கட்டிக்கொண்டு பைக்கில் வந்து இறங்கினார். நன்றாகத்தான் இருக்கிறேன் என்றவரையும் விடாமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். மத்தியானம் ஆஸ்பத்திரியில் அவருக்கும் வாந்தி தொடங்கியது. நல்ல வேளையாக அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தார். இரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

தேசம்மா விஷயம் அப்படி இல்லை. டாக்டரும் ஆம்புலன்ஸும் அடுத்தடுத்து வந்தார்கள். பிரணீத் அவளோடு ஏறிக்கொண்டான். திருப்பதி ஆஸ்பத்திரியில் சேர்த்த சிறிது நேரத்திலேயே வென்டிலேட்டர் வைத்தார்கள். பிழைப்பாளா என்று அன்றைக்கு யாராலும் சொல்ல முடியவில்லை.  திரும்பி வரும்போது பஸ்ஸில் டாக்டர் எனக்கு முன் சீட்டில் இருந்தார். அந்தப் பத்து நிமிடத்தைச் சொல்லி, அதனால் ஏதாவது மாறியிருக்குமா என்று கேட்டேன். அவர் நல்ல மனிதர். இல்லை என்று சொல்லி என்னைத் தேற்றியிருக்கலாம். "தெரியாது மேடம். மாறியிருக்கலாம், மாறாமலும் இருந்திருக்கலாம்" என்றார்.

வீட்டுக்குப் போய் மதிப்பெண் தாளை எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் கையெழுத்தில், கஸ்தூரிக்கு முழு மதிப்பெண். காத்திருந்ததற்காக.

அப்போது எனக்கு நினைவு வந்தது சித்தூரில் என் முதல் வார்டின் தலைமை நர்ஸ். கண்டிப்பானவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் ஆறாம் கட்டில் நோயாளிக்கு ஒரு மருந்தை நிறுத்தச் சொன்னார். அது ஒன்பதாம் கட்டிலுக்கு அல்லவா என்று கேட்டேன். "சொன்னதைச் செய்" என்றார். நான் செய்யாமல் நின்றேன், பயந்துகொண்டே. டாக்டர் வந்து பார்த்தார். ஒன்பதாம் கட்டில்தான். யாருக்கும் ஒரு கெடுதலும் நடக்கவில்லை. அவர் அதை அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் ஷிப்ட் மாறும் நேரத்தில் இரண்டு ஷிப்ட் நர்ஸ்களையும் நிற்க வைத்து, ரிப்போர்ட் புத்தகத்தைத் திறந்து, "இந்தப் பொண்ணு சொன்னது சரி. நான் காதுல வாங்கல. தப்பு என்னுது" என்று சொல்லி, அதையே எழுதிக் கையெழுத்தும் போட்டார். அதன்பிறகு அந்த வார்டில் அவரிடம் எதைச் சொல்லவும் எங்களில் யாரும் பயந்ததில்லை. இவ்வளவு வருடம் கழித்து, அவர் எனக்குச் செய்ததை நான் என் மாணவிக்குச் செய்யவில்லை.

மறுநாள் வகுப்பில் நான்கு படிப்புப் பிள்ளைகளும் இருந்தார்கள். தாளைக் கையில் வைத்துக்கொண்டு நடந்ததைச் சொன்னேன். திரும்பிப் பார்க்காமல் "அப்ப இரு" என்று சொன்னதை, மதிப்பெண் போட்டதை, எல்லாவற்றையும்.  இனி இந்தப் பிள்ளைகள் என்னை மதிப்பார்களா என்ற பயம் இருந்தது. அதை மறைத்துச் சொல்வதில் அர்த்தமில்லை.

பிரணீத் எழுந்தான். கையைத் தூக்கியவளிடம் ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு, பிறகு அவளை மறந்தே போய்விட்டதாகச் சொன்னான். "என் பட்டியல்ல வரிசை இருந்துச்சு மேடம். கஸ்தூரி இல்ல" என்றான்.

எல்லோரும் கஸ்தூரியைப் பார்த்தார்கள். அவளுக்கு அன்று கைதட்டல் கிடைத்திருக்க வேண்டும். ஆனால் அவள் அழத் தொடங்கினாள்.

"எனக்கு அப்பவே தெரியும் மேடம். எங்க வூட்ல பாத்திருக்கேன். நீங்க இருன்னு சொன்னதும் நான் எழுந்து வந்திருக்கணும். பஸ்ல எல்லார் முன்னாடியும் திட்னீங்க இல்ல, அந்த ரோஷம். இருக்கச் சொன்னாங்க இல்ல, இருப்போம், என்ன ஆவுதோ ஆவட்டும்னு உட்கார்ந்துட்டேன். அந்தம்மா வாயில தண்ணி ஒழுகறதைப் பாத்ததும்தான் பயம் வந்துச்சு."

நான் மேடையிலிருந்து இறங்கிப்போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.  அவள் ரோஷத்துக்கும் காரணம் நான்தான் என்று சொல்லலாம். அதையும் அவள் ஒப்புக்கொள்ள மாட்டாள். ஒருவரை எல்லோர் முன்னாலும் வாயடைத்தால், அவர் அடங்கிவிட்டார் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உள்ளே என்ன நடக்கிறது என்பது நமக்குத் தெரிவதில்லை. அன்று பாடம் நடக்கவில்லை. ஆனால் அதுவரை வாயே திறக்காத பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து, எந்த வார்டில் எதைப் பார்த்தும் சொல்லாமல் விட்டோம், யாருக்குப் பயந்து விட்டோம் என்று சொன்னார்கள். அந்தத் தாளை நான் மறுபடி பயன்படுத்தவில்லை. அதனால்தான் உங்களுக்கு அலமாரியில் அது கிடைக்காது. முதல் வகுப்பில் என்ன செய்வது என்று நீங்கள் யோசிப்பீர்கள். உங்கள் தப்பு ஒன்றைச் சொல்லுங்கள். சின்னத் தப்பைத் தேடி எடுக்காதீர்கள், பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

தேசம்மா பிழைத்தாள். ஆறாம் நாள் வென்டிலேட்டரை எடுத்தார்கள். வார்டுக்கு மாற்றிய பிறகு ஒரு மத்தியானம் நானும் கஸ்தூரியும் பார்க்கப் போனோம். தலைக்கு இரண்டு தலையணை வைத்து உட்கார்ந்திருந்தாள். குரல் இன்னும் கம்மலாகத்தான் வந்தது. நாத்தனார் எங்களுக்கு ஸ்டூல் இழுத்துப் போட்டாள்.

அவளிடம் சொல்ல வேண்டும் என்று தீர்மானித்துத்தான் போயிருந்தேன். இந்தப் பெண் சீக்கிரமே சொல்ல வந்தாள், நான் கேட்கவில்லை, உனக்கு வைத்தியம் தொடங்கப் பத்து நிமிடம் தாமதமானது என்னால்தான், மன்னித்துக்கொள் என்றேன்.

தேசம்மா எனக்காக வருத்தப்படுகிறவள் போல என்னைப் பார்த்தாள்.

"பத்து நிமிசமா? வெளிச்சம் வர்றப்பவே தல சுத்துதுன்னு தோட்டத்து மேஸ்திரிகிட்ட சொன்னேன் மேடம். தண்ணி குடின்னாரு. திரும்பியும் சொன்னேன். பொம்பளைங்க வந்தாலே இதான்னாரு. போன வருசமும் சொன்னேன். அதுக்கு முந்துன வருசமும் சொன்னேன்."

 கஸ்தூரி ஸ்டூலைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நகர்த்திப் போட்டுக்கொண்டு, "போன வருசம் என்னக்கா ஆச்சு?" என்று கேட்டாள். தேசம்மா சொல்லத் தொடங்கினாள். பார்வையாளர் நேரம் முடிகிறவரை அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். நாங்கள் இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.